மிதக்காத மரம்

போன மாதம் வீடு மாறினேன். தாத்தா காலத்துத் தேக்கு பீரோ ஒன்று. அதை இரண்டாவது மாடிக்கு ஏற்ற ஆட்கள் கேட்ட கூலியில் புதுசாகவே ஒன்று வாங்கிவிடலாம். "நாமளே தூக்கிடலாம் மாப்ளே" என்றான் நண்பன். முதல் மாடித் திருப்பத்தில் என் இடுப்பில் 'க்ளிக்'! மூன்று நாள் லீவு, வீடு முழுக்கத் தைல வாசனை. "முப்பத்தஞ்சு வயசுல இதெல்லாம் உங்களுக்குத் தேவையா?" என்றாள் மனைவி. பீரோவைச் சொன்னாளா, நண்பனைச் சொன்னாளா, தெரியவில்லை.

படுத்த படுக்கையாகப் படித்ததுதான் இந்த வாரச் சமாசாரம்.

அமெரிக்காவில் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்து லியாங்பிங் ஹூ என்கிற பேராசிரியரும் சகாக்களும் 2018-ல் 'நேச்சர்' பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார்கள். சாதா மரத்தை, எஃகுக்குச் சவால் விடுகிற மரமாக மாற்றும் வித்தை. செய்முறை மங்கையர் மலர் சமையல் குறிப்பு மாதிரிதான் இருக்கிறது. காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்ஃபைட்டும் கலந்த தண்ணீரில் பலகையைக் கொதிக்கவிடவும். மரத்துக்குள் பசை மாதிரி இருக்கும் லிக்னினில் ஒரு பகுதி கரைந்து போகும். பிறகு 100 டிகிரி சூட்டில் பிரஸ்ஸில் வைத்து அழுத்தவும். உள்ளே இருக்கிற ஓட்டைகளெல்லாம் நசுங்கி, பலகையின் தடிமன் ஐந்தில் ஒன்றாகும். பலம் பத்து மடங்குக்கு மேல்! சாதாப் பலகையைத் துளைத்துப் போன குண்டு, இந்த மரத்தை அடுக்கி ஒட்டிய பலகையில் பாதி வழியில் நின்றுவிட்டதாம். 2025-ல் இன்வென்ட்வுட் என்கிற கம்பெனி 'சூப்பர்வுட்' என்ற பெயரில் இதை விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டது.

இதைக் கேட்டதும் அதிகம் துள்ளுகிறவர்கள் யார் தெரியுமோ? கனூக்காரர்கள்.

கனூ என்றால் ஒன்றிரண்டு பேர் துடுப்புப் போட்டுப் போகிற ஒல்லிப் படகு. வட அமெரிக்காவில் ஏரிக்கு ஏரி போகணும் என்றால் நடுவில் காடு வரும். அதுவரை நீங்கள் படகில் ஏறினீர்கள். இனி படகு உங்கள் மேல் ஏறும். கவிழ்த்துத் தோளில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். அலுமினியக் கனூ 30 கிலோவுக்கு மேல். கெவ்லார் என்றால் 20 கிலோவுக்குள் முடியும். ஆனால் பர்ஸ் தாங்காது.

இந்தத் தோள்வலிக்கு ஒரு பழைய கதை உண்டு. ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ் என்று ஒரு செருப்புத் தொழிலாளி. 'நெஸ்மக்' என்ற புனைபெயரில் பத்திரிகையில் எழுதுவார். ஐந்தடி மூன்று அங்குலம், சுமார் 48 கிலோ, போதாததற்கு நெஞ்சு வியாதி. நியூயார்க் மாநிலத்து அடிராண்டாக் காட்டு ஏரிகளில் சுற்ற வேண்டும் என்று ஆசை. பணக்காரர்கள் படகு தூக்க ஆள் வைத்துக்கொண்டார்கள். இவரிடம் ஏது காசு? ரஷ்டன் என்கிற படகுக்காரரிடம் போய், நானே தூக்குகிற மாதிரி ஒன்று செய்து கொடு என்றார்.

1883-ல் ரஷ்டன் செய்த படகு ஒன்பதடி நீளம். எடை பத்தரை பவுண்டு. அதாவது ஐந்து கிலோகூட இல்லை, ஸார்! பலகை செடார் மரம், தடிமன் ஐந்து மில்லிமீட்டருக்குள். பெயர் 'சேரி கேம்ப்'. டிக்கன்ஸ் நாவலில் வரும் தாதி. அவள் சரக்கில் தண்ணீரே சேர்க்க மாட்டாள். படகுக்குள் தண்ணீர் வராது என்பதற்கு இப்படி ஒரு குறும்பு! அறுபத்தோரு வயசில் அதில் 266 மைல் சுற்றி வந்தார் மனுஷர்.

சரி, சூப்பர் மரத்தில் செய்தால் இரண்டு கிலோவில் முடியுமா? நான் படித்தது பி.காம், வரவு, செலவு இரண்டையும் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன்.

வரவு: பலம். அதில் சந்தேகமில்லை.

செலவு ஒன்று: அழுத்தினால் எடை ஓரளவுதான் குறையும். கரைந்தது போக மீதியெல்லாம் அதற்குள்ளேயேதான் இருக்கிறது. அதனால் இந்த மரம் தண்ணீரைவிடக் கனம். கனூ உள்ளே குழிவாக இருப்பதால் மிதக்கும், பயமில்லை. ஆனால் இதில் கட்டுமரம் கட்டினால் நேரே பாதாளம்தான். கட்டுமரம் மிதப்பதே மரம் லேசாக இருப்பதால்.

செலவு இரண்டு: உடையாமல் இருப்பது வேறு, வளையாமல் இருப்பது வேறு. பலகையின் தடிமன் பாதியானால் வளையாத குணம் எட்டில் ஒன்றாகிவிடும். ஐந்தில் ஒன்றானால்? 125-ல் ஒன்று! மரத்தின் விறைப்பு பத்து மடங்கு ஏறியது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், பழைய பலகையில் நூற்றுக்கு எட்டு பங்குதான் மிச்சம். படகு உடையாது, ஆனால் அப்பளம் ஊறின மாதிரி தொளதொளக்கும்.

அதற்காகக் கணக்கை மூடிவிட வேண்டாம். நடுவில் லேசான சாதா மரம், இரண்டு பக்கமும் தோல் மாதிரி சூப்பர் மரம் என்று சாண்ட்விச் போடலாம். உள்சட்டங்களையும் விளிம்பையும் மட்டும் அதில் செய்து ஒல்லியாக்கலாம். ஈரத்தில் கொஞ்சம் உப்பும் என்பதால் பெயின்ட் ஒழுங்காக அடிக்கணும். அதிசயம் வராது, நாலைந்து கிலோ குறையலாம்.

நாலைந்து கிலோ பெரிசா என்று கேட்காதீர்கள். சேரி கேம்ப் 48 கிலோ ஆளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. என்னை மாதிரி தொப்பைக்காரன் ஏறினால் அன்றே ஜலசமாதி. எல்லோருக்கும் தாங்குகிற, ஆனால் லேசான படகு வந்தால் லாபம் பயில்வானுக்கு இல்லை. அவன் எதையும் தூக்குவான். ஆள் வைக்கக் காசில்லாத, மூச்சு வாங்குகிற, ஆனாலும் அடுத்த ஏரியைப் பார்த்துவிடணும் என்று நினைக்கிற ஆளுக்குத்தான். ஒரு கிலோ குறைந்தால் அவர் இன்னும் ஒரு வருஷம் போகலாம்.

பீரோவா? இன்னும் முதல் மாடித் திருப்பத்தில்தான் நிற்கிறது. கீழ் வீட்டுக்காரர் அதில் செருப்பு வைக்க ஆரம்பித்துவிட்டார்.