118 கோடிக்குப் பின்னால் ஒளிந்துகொள்பவர்கள்

2025 மார்ச்சில் நியூயார்க்கில் கிறிஸ்டிஸ் நடத்திய ஏலத்தில் எம்.எஃப். ஹுசேனின் ‘கிராம யாத்ரா’ 1.37 கோடி டாலருக்கு விலைபோனது. நம் பணத்தில் ஏறக்குறைய 118 கோடி. ஏலம்போன நவீன இந்திய ஓவியங்களில் அன்றுவரை அதுவே உச்சம். மறுநாள் எங்கள் ஆபீஸ் வாட்ஸாப் குழுவில் இரண்டு கட்சி. ‘இந்தியனா பெருமையா இருக்கு’ என்றது ஒன்று. ‘இதை என் எல்கேஜி பையனே வரைவானே, இதுக்கா இவ்ளோ?’ என்றது மற்றது.

இரண்டும் ஒரே கட்சிதான். இருவருமே பார்த்தது விலையை, படத்தை அல்ல.

1954இல் வரைந்தது. கிட்டத்தட்ட 14 அடி அகலம். 13 சிறு காட்சிகள்: பெண்கள், குழந்தைகள், மாட்டுவண்டி. ஒரு கட்டத்தில் விவசாயி ஒருவன் நிற்கிறான். அவன் கை தன் கட்டத்தைத் தாண்டிப்போய்ப் பக்கத்துக் கட்டத்திலுள்ள நிலத்தைத் தாங்குகிறது. சினிமா பேனர் வரைந்து பிழைத்த ஒருவர், சுதந்திரம் கிடைத்து ஏழே வருடத்தில், இந்த நாட்டை யார் தாங்குகிறார்கள் என்று சொன்ன பதில் அந்தக் கை. அதைப் பற்றிக் குழுவில் ஒரு வரி இல்லை.

அப்போது தில்லியில் பணியாற்றிய ஒரு மருத்துவர் அதை வாங்கி நார்வேக்குக் கொண்டுபோனார். 1964இல் ஆஸ்லோ மருத்துவமனைக்குக் கொடுத்தார். பல பத்தாண்டுகள் அங்கே ஒரு தாழ்வாரத்தில் தொங்கியது. ஏலப் பணம்கூட மருத்துவர்களின் பயிற்சிக்குத்தான் என்று அறிவித்தார்கள். இதில் நாம் பெருமைப்பட என்ன செய்தோம்?

செய்தது வேறு. ஓவியங்களுக்காக அவர்மீது ஊர் ஊராக வழக்குப் போட்டோம். 2006இல் அவர் வெளியேறினார். 2008இல் தில்லி உயர் நீதிமன்றம் வழக்குகளைத் தள்ளுபடி செய்த பிறகும் திரும்பி வரவில்லை. 2010இல் கத்தார் குடிமகனானார், 2011இல் லண்டனில் இறந்தார். சரி, பழைய கதை என்பீர்கள். ஏலத்துக்கு இரண்டே மாதம் முன்பு, 2025 ஜனவரியில், தில்லி காட்சிக்கூடம் ஒன்றிலிருந்த அவருடைய இரண்டு ஓவியங்களைக் கைப்பற்ற நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. புகார், தெய்வங்களை இழிவுபடுத்துகின்றன என்பது. அன்றைக்கு எங்கள் குழுவில் மூச்சுப்பேச்சில்லை. நானும்தான் வாயைத் திறக்கவில்லை.

விலையைப் பற்றிப் பேசுவதில் ஆபத்தில்லை. அப்ரைசல் ரேட்டிங்கைப் பார்த்து ஒருவனின் வேலையை எடைபோடுகிற நமக்கு அது பழக்கமும்கூட. படத்தைப் பற்றிப் பேசினால் ஒரு பக்கம் நிற்க வேண்டிவரும்.

படம் இணையத்தில் கிடைக்கிறது. பத்து நிமிஷம் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் ஏன் என்று சொல்லுங்கள், சண்டை போடலாம். அதில் 118 என்ற எண் மட்டும் வேண்டாம்.