தொழிற்களத்திற் கண்ட வீரர்

புகழ்பெற்ற விளையாட்டு வீரர் ஒருவரை மைதானத்திற் காண்பதற்கும், அவர் தமது அன்றாடத் தொழிலைச் செய்யுமிடத்தில் எதிர்பாராது காண்பதற்கும் மிக்க வேறுபாடு உண்டு. மைதானத்தில் அவர் நமக்காக நிற்கின்றார். நாமும் அவரைக் காண்பதற்கென்றே சென்றிருக்கின்றோம். தொழிற்களத்திலோ அவர் தமக்காக நிற்கின்றார். கந்தோரிலோ கடையிலோ பாடசாலையிலோ தற்செயலாய் நிமிர்ந்து நோக்குமிடத்து, "இவர் அவரல்லரோ?" என்ற ஐயம் நம் உள்ளத்தில் எழுகின்றது. அவ்வேளையில் நம்மவர் நடந்துகொள்ளும் முறையைப் பற்றியே ஈண்டுச் சில கூறக் கருதினோம். விழா மலரொன்றில் இப்பொருளுக்கு இடமுண்டோ என்று வினவும் அன்பரும் இருப்பர். நம் பழைய மாணவருட் பலர் கல்லூரி மைதானத்திற் பெயர் பெற்று, பின்னர்க் கந்தோர் மேசைக்கும் கரும்பலகைக்கும் சென்றவரேயாவர். ஆதலின் இடமுண்டு என்பதே எம் துணிபு.

இத்தகைய சந்திப்பில் நம்மவர் செய்வன பெரும்பாலும் இரண்டு. ஒன்று, மொய்த்துக்கொள்ளுதல். அவர் செய்துகொண்டிருக்கும் வேலை யாதென்று கேளாமலே கைத்தொலைபேசியை நீட்டிப் படம் பிடிக்க முந்துவர். மற்றது, இரங்குதல். "இவ்வளவு பெயர் எடுத்த மனிதர், பாவம், இன்னும் வேலைக்குப் போகின்றாரே!" என்று பெருமூச்செறிவர். இவ்விரண்டனுள் முன்னையது நாகரிகக் குறைவு. பின்னையதோ அறிவுக் குறைவு. உழைத்துண்பது தாழ்வென்ற எண்ணம் எவர் நெஞ்சில் உண்டோ அவரே அவ்வாறு இரங்குவர்.

சுழற்பந்து வீச்சாளர் ரங்கன ஹேரத்தை எண்ணிப் பார்க்கலாம். கேகாலை மாவட்டத்தின் எல்லையைத் தொட்டுக் கிடக்கும் குருநாகல் மாவட்டத்தவர் அவர். 1999ஆம் ஆண்டிற் காலியில் அவுஸ்திரேலியருக்கு எதிராகத் தம் முதலாவது டெஸ்ட் போட்டியில் ஆடினார். 2018இல் அதே காலியில் விடைபெற்றபோது 433 விக்கெற்றுகள் அவர் கணக்கில் இருந்தன. இடக்கைப் பந்துவீச்சாளர் எவரும் அதுவரை டெஸ்ட் கிரிக்கெற்றில் அத்துணை விக்கெற்றுகளை வீழ்த்தியதில்லை. இத்தகையவர் சம்பத் வங்கியின் ஊழியராகவும் இருந்தார். போட்டித் தொடர் முடிந்து நாடு திரும்பியதும் ஏனைய ஊழியரைப் போல் வங்கிக்குச் சென்று மேசையில் அமர்ந்தார். உலகின் தலைசிறந்த துடுப்பாட்ட வீரரைத் திணறடித்த அதே இடக்கை அங்கே கடதாசிகளைப் புரட்டிக்கொண்டிருந்தது. இதிற் பரிதாபத்துக்கு என்ன இருக்கின்றது? தேர்வுக்குழுவினர் பல்லாண்டு அவரை மறந்திருந்த காலத்தில் அவரை மறவாதிருந்தது அந்த மேசையே.

நம்மவர் கதையும் அதுவே. ஆழிக்குமரன் ஆனந்தன் 1971ஆம் ஆண்டிற் பாக்கு நீரிணையைப் போகவும் வரவும் 51 மணித்தியாலத்தில் நீந்திக் கடந்தார். அவர் சட்டத்தரணி. 1984இல் ஆங்கிலக் கால்வாயில் உயிர் துறக்கும்வரை கடலும் சட்டமும் அவர்க்கு ஒருங்கே தொழிலாயின. நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, அவ்விழாவில் இலங்கைக்கு முதற் பொற்பதக்கத்தைத் தேடித்தந்தார். பின்னர்ச் சியராலியோன், நைஜீரியா முதலிய நாடுகளில் ஆசிரியராய்ப் பணியாற்றினார். 1948இல் இலண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டலில் வெள்ளிப்பதக்கம் பெற்ற டங்கன் வைற்றும் 1960களில் நைஜீரியா சென்று கற்பித்தார். இலங்கையின் இருபெரு மெய்வல்லுநரை ஒரே ஆபிரிக்க நாட்டின் மாணவர் தம் வகுப்பறைகளிற் கண்டனர் என்பது எம் நெஞ்சுக்கு எப்பொழுதும் இனிக்கும் செய்தி. தம் ஆசிரியர் யாரென்பதை அம்மாணவருள் எத்தனை பேர் அறிந்திருந்தனரோ!

அக்காலத்தில் ஒலிம்பிக் விதிகளே வீரரை வேறு தொழிலுக்குத் துரத்தின என்பதையும் மறத்தலாகாது. விளையாட்டாற் பணம் பெற்றவர் ஒலிம்பிக்கிற் பங்குபற்றலாகாது என்பது விதி. 1912இல் ஸ்ரொக்ஹோமில் இரு பொற்பதக்கங்களை வென்ற ஜிம் தோர்ப், முன்னொருகாற் சிறுதொகை பெற்றுப் பேஸ்போல் ஆடினார் என்பதற்காக 1913இற் பதக்கங்களை இழந்தார். 1930களின் பொருளாதார மந்தத்தில் அவர் மண்வெட்டியுடன் குழி தோண்டிப் பிழைத்தார். பதக்கங்கள் மீண்டும் அவர் பெயருக்கு வந்தது 1982இல்; அவர் அதற்கு ஏறக்குறைய முப்பதாண்டு முன்னரே மறைந்துவிட்டார். நற்பெயரை மீட்டுக் கொடுக்கும் சபைகள் பெரும்பாலும் ஆளை அடக்கஞ் செய்த பின்னரே கூடுகின்றன.

ஆகவே தொழிற்களத்திற் காணும் வீரர் அனைவரும் ஒருதன்மையர் அல்லர். வங்கி மேசையில் இருந்தவர் தாம் விரும்பி இருந்தவர். மண்வெட்டி பிடித்தவர் வேறு கதியின்றிப் பிடித்தவர். புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜன் இரண்டாம் வகையினர். 2006ஆம் ஆண்டு தோகாவில் 800 மீற்றர் ஓட்டத்தில் வெள்ளிப்பதக்கம் வென்று, பால்நிலைச் சோதனையின் பேரால் அதனை இழந்த அவ்வீராங்கனை, சில ஆண்டுகளின் பின் தம் பெற்றோர் உழைத்த செங்கற் சூளையிலேயே கூலிக்கு நின்றார். பத்திரிகைகள் படத்துடன் வெளியிட்டபோதே நாடு திடுக்கிட்டது. பின்னர்த் தமிழக அரசு அவருக்குப் பயிற்றுநர் பதவி வழங்கியது. செங்கல் அறுப்பது இழிவன்று. வேறு வழி யாவும் அடைக்கப்பட்ட பின் அதற்குத் திரும்ப நேர்ந்ததே இழிவு. அவ்விழிவும் அவரைச் சார்ந்ததன்று.

இனி, எம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டிய செய்திக்கு வருவோம். யாம் ஆசிரியப் பணியின் நிமித்தம் சப்பிரகமுவ மாகாணத்திற் சில ஆண்டுகள் வாழ்ந்தோம். மலைநாடு என்றவுடன் நம்மவர் நினைவு நுவரெலியாவுக்கும் ஹற்றனுக்குமே ஓடுகின்றது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களிலும் பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, தெரணியகல, எட்டியாந்தோட்டை எனத் தோட்டங்கள் நிறைந்த ஊர்கள் உள என்பதும், அங்கே தேயிலையோடு இறப்பரும் உண்டு என்பதும், தமிழ் மக்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிறு சிறு தீவுகளாய் வாழ்கின்றனர் என்பதும் யாழ்ப்பாணத்திற் பலர்க்குப் புதுச்செய்தியாகவே இருக்கும்.

ஒருநாட் காலை, இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு மாணவரை அனுப்புமாறு பெற்றோரைக் கேட்பதற்காக ஒரு தோட்டத்து இறப்பர் மலையில் ஏறிச் சென்றோம். உடன் வந்த மாணவன் திடீரென நின்று, "சேர், அந்தா பால் எடுக்கிறாரே, அவருதான்!" என்று மெல்லச் சொன்னான். அத்தோட்டத்தில் எந்த லயத்துச் சிறுவனைக் கேட்டாலும் சொல்லும் பெயர் அது. 1500 மீற்றர் ஓட்டத்தில் மாகாணத்தில் முதல்வனாகிக் கொழும்பு சுகததாச அரங்குவரை சென்று ஓடியவன். அவன் ஓடும் புகைப்படம் ஒன்று எம் பாடசாலை அதிபரின் அறைச் சுவரிலும் தொங்கியது. படத்தில் இருந்தவனுக்கும் எம்முன் நின்றவனுக்கும் ஆண்டு ஐந்தாறே இடைவெளி. ஒரு கையில் வாளி, இடுப்பிற் கத்தி. மரத்துக்கு மரம் குனிந்து சிரட்டையை எடுத்து வாளியிற் கவிழ்த்து, விரலால் வழித்து, மீண்டும் பொருத்தி, அடுத்த மரத்துக்கு ஏறிக்கொண்டிருந்தான். நாளொன்றுக்கு ஏறக்குறைய முந்நூறு மரம். விடியுமுன் ஒருமுறை பட்டை சீவ வேண்டும்; பின்னர் அத்தனை மரத்துக்கும் திரும்பிச் சென்று பாலைச் சேர்க்க வேண்டும். அச்சரிவில் வெறுங்கையோடு நடப்பதே எமக்கு மூச்சு வாங்கியது.

"தம்பி, சற்று நின்று பேசலாமோ?" என்றோம். "நிக்க ஏலாது சேர், பால் உறைஞ்சிரும். நடந்துகிட்டே பேசுவோமே" என்றான். அவ்வாறே அவன் நடக்க, யாம் தொடர, அரைமணி நேரம் பேசினோம். தன் நிலையைப் பற்றி அவன் ஒரு குறையும் சொன்னானல்லன். சுகததாச அரங்கின் செயற்கைத் தடத்திற் கால் வைத்ததைப் பற்றியே மிகுதியும் பேசினான். "தரை நம்மளத் தூக்கி விட்ட மாதிரி இருந்துச்சு சேர்" என்றான். மழை பெய்யும் விடியலிற் பால் வெட்டு இல்லை. அந்நாட்களில் இன்றும் தெருவோரமாய் ஓடுவதுண்டாம். சப்பிரகமுவவில் மழைக்குக் குறைவில்லை. ஆயினும் வேலையில்லா நாளில் முழுச் சம்பளம் இல்லை என்பதையும் அவனே சிரித்துக்கொண்டு சொன்னான்.

ஓட்டத்தை ஏன் விட்டாய் என்று கேட்டோம். விடை நீண்டதன்று. சாதாரண தரத்துக்கு மேல் அண்மையில் தமிழ் மொழியில் வகுப்பில்லை. தூரத்துப் பாடசாலைக்குச் செல்ல விடுதி வேண்டும். விடுதிக்குப் பணம் வேண்டும். தந்தை நோயுற்றார். தோட்டத்திற் பெயர் பதிந்தாயிற்று.

இதைக் கேட்டு யாம் இரங்கினோமல்லோம். முந்நூறு மரத்தையும் பதற்றமின்றி முடிக்கும் அவன் தொழிற்றிறம் இரக்கத்துக்குரியதன்று. எமக்கு எழுந்தது சினமே. விருப்பத்தோடு செய்தானா, வேறு வழியின்றிச் செய்தானா என்ற கேள்வியை முன்னர் எழுப்பினோம் அன்றோ? அவனுக்குத் தெரிவு செய்ய இரண்டு பொருள் எக்காலத்தும் முன்வைக்கப்படவில்லை.

இவன் புகழ்பெற்றவனோ, இவனை ஹேரத்தோடு ஒப்பிடலாமோ என்று நகைப்பவர் சற்றுப் பொறுத்தல் வேண்டும். அதே மாகாணத்தில், கேகாலை மாவட்டத்து வறக்காப்பொலைக்கு அண்மையில் அத்னாவல என்னும் சிற்றூரில், வறிய குடும்பமொன்றிற் பிறந்தவர் சுசந்திகா ஜயசிங்க. 2000ஆம் ஆண்டு சிட்னியில் 200 மீற்றரை 22.28 செக்கனில் ஓடி மூன்றாமவராக வந்தார். முதலில் வந்த அமெரிக்க வீராங்கனை ஊக்கமருந்துக் குற்றத்தால் நீக்கப்பட்டமையின், 2009இல் அவர் பதக்கம் வெள்ளியாக உயர்ந்தது. டங்கன் வைற்றுக்குப் பின் 52 ஆண்டுகள் காத்திருந்து நாடு பெற்ற பதக்கம் அது. 2024 பாரிஸ் விழா வரையில் இலங்கை ஒலிம்பிக்கிற் பெற்ற பதக்கம் இவ்விரண்டே. ஆகவே சப்பிரகமுவவின் மண்ணிலோ மழையிலோ குறையொன்றும் இல்லை. குறை எங்கே என்பது வெளிப்படை.

மலையகத் தமிழர் பரம்பரையிலே ஆற்றல் இல்லையென்பார் முத்தையா முரளிதரனை நினைப்பாராக. அவருடைய பாட்டனார் 1920இல் தென்னிந்தியாவிலிருந்து மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குத் தொழிலுக்கு வந்தவர். பின்னர் இந்தியாவுக்கே திரும்பிவிட்டார். புதல்வர் இங்கே தங்கினர். தங்கியமையால் இலங்கைக்கு 800 விக்கெற்றுகள் கிடைத்தன. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவு செய்தது. 1981இல் இரத்தினபுரித் தோட்டங்களில் நிகழ்ந்த வன்செயலால் வடக்கு நோக்கிச் சென்ற குடும்பங்களும் பல. சென்றவர் பிள்ளைகளுள் எத்தனை ஓட்டக்காரர், எத்தனை பந்துவீச்சாளர் இருந்தனர் என்று எவரும் எண்ணிப் பார்த்ததில்லை.

நாட்டின் முன்னணி மெய்வல்லுநருட் பெரும்பாலோர் இன்று இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் ஆகியவற்றில் ஊழியம் பார்ப்பவர். 2021இல் தோக்கியோ பராலிம்பிக்கில் ஈட்டியெறிதலிற் பொற்பதக்கம் வென்ற தினேஷ் பிரியந்த ஹேரத் இராணுவத்தினர். மலையகத்து நெடுந்தூர ஓட்டவீரர் குமார் சண்முகேஸ்வரனும் இராணுவ ஊழியத்திலிருந்தே பெயர் பெற்றார். அங்கே பயிற்சி உண்டு, உணவு உண்டு, மாதச் சம்பளம் உண்டு. தோட்டத்துப் பிள்ளைகளில் மிகச் சிலரே அவ்வழியிற் செல்கின்றனர். ஏனையோர்க்கு வேறு வாயில் இல்லை. தோட்டக் கம்பனிகள் தம் தொழிலாளருள் ஓடவல்லார்க்கு அரைநாள் வேலையும் முழுநாட் சம்பளமும் கொடுத்தல் இயலாத காரியமோ? வங்கியொன்று தன் ஊழியர் ஒருவரை உலகெலாம் சென்று பந்து வீச விட்டு, மீண்டபோது அவர் மேசையை அவருக்கே வைத்திருந்ததே! பெரட்டுக்களத்திலும் அஃது ஏன் நடவாது?

நம் சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். விழாவையொட்டித் திரட்டும் நிதி பார்வையாளர் மண்டபத்துக்கே போதாது என்பதை யாம் அறிவோம். மண்டபத்தைக் குறை கூறுவது எம் நோக்கமன்று; வெயிலில் நின்று பார்த்தவர்தாமே நாமும். எனினும் அந்நிதியில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, மாகாண மட்டம்வரை வந்த தோட்டத்து மாணவர் இருவரை ஆண்டுதோறும் நம் கல்லூரி விடுதியிற் சேர்த்து, உயர்தரம்வரை படிப்பித்து, நம் மைதானத்தில் ஓடவிடலாம். இருவரென்பது மிகச் சிறு தொகை. அதனாலேயே எவரும் மறுக்கத் துணியார் என்று நம்புகின்றோம். நம் பழைய மாணவருள் அவ்வூர்களில் ஆசிரியராயும் வைத்தியராயும் தோட்டக் கந்தோர் எழுதுவினைஞராயும் இருந்தோர் பலர். பிள்ளைகளைத் தேடிக் கண்டறிவது அவர்களுக்கு அரிதன்று.

முன்வரும் அன்பர்க்கு இறக்குவானை, காவத்தைப் பகுதித் தமிழ்ப் பாடசாலைகளின் பெயர்களையும் செல்லும் வழிகளையும் எழுதித் தருவோம். இறப்பர்த் தோட்டங்களுக்குச் செல்வோர் பிற்பகலிற் செல்வதே நன்று. காலையிற் பால் உறைந்துவிடும். ஒருவரும் நின்று பேசமாட்டார்.