24 பாட்டுக்கு 2,22,000 டாலர்! இது என்ன நியாயம்?

"பாட்டைத் திருடுகிறவன் மீது வழக்குப் போடாமல் என்ன செய்வது?" என்று கேட்கின்றன அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனிகள். அவை போட்ட வழக்குகளைப் பார்ப்போம், தோழர்களே.

ஒருவர் கம்ப்யூட்டரில் உள்ள பாட்டை, இன்டர்நெட் மூலம் மற்றவர் காசில்லாமல் எடுத்துக்கொள்ளும் பழக்கம், 1999-ல் நாப்ஸ்டர் வந்ததும் பரவியது. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போய், 2001-ல் நாப்ஸ்டரை மூட வைத்தன. பழக்கம் நின்றதா? இல்லை, வேறு வழிகளில் வளர்ந்தது.

உடனே ஜனங்கள் மீதே பாய்ந்தன. 2003 செப்டம்பரில் ஒரே நாளில் 261 பேர் மீது வழக்கு! அதில் சிக்கியவர்களில் ஒருத்தி, நியூயார்க்கில் ஏழைகளுக்கு சர்க்கார் கட்டிய குடியிருப்பில் வாழ்ந்த 12 வயதுச் சிறுமி. 2,000 டாலர் கட்டுவதாக ஒப்புக்கொண்ட பிறகே வழக்குத் தீர்ந்தது. 2008 கடைசியில் கம்பெனிகள் இந்த முறையைக் கைவிடுவதற்குள் சுமார் 35,000 பேர் வலையில் விழுந்தனர். வக்கீல் செலவுக்குப் பயந்து, பெரும்பாலோர் சில ஆயிரம் டாலர் கட்டிவிட்டு ஒதுங்கினர்.

எதிர்த்து நின்றவர் கதி என்ன? மின்னசோட்டாவில் ஒரு தாய் மீது 24 பாட்டுகளுக்காக வழக்கு. அன்று இன்டர்நெட் கடையில் ஒரு பாட்டு 99 சென்ட். 24 பாட்டும் சேர்ந்து 24 டாலர்கூட ஆகாது. 2007-ல் ஜூரி விதித்தது 2,22,000 டாலர். 2009 மறுவிசாரணையில் அது 19,20,000 டாலராயிற்று! 2012-ல் அப்பீல் கோர்ட் மீண்டும் 2,22,000 என்றது. பாட்டு ஒன்றுக்கு 9,250 டாலர்! உண்மை நஷ்டம் எவ்வளவு என்று காட்டாமலே இப்படி விதிக்க அந்நாட்டுச் சட்டம் இடம் தருகிறது.

"பாடகனும் உழைப்பாளிதானே? அவன் கூலியைப் பறிக்கலாமா?" நியாயமான கேள்வி. பாட்டு வானத்திலிருந்து விழவில்லை. உழைத்தவனுக்குக் கூலி வேண்டும். ஆனால் அதைப் பேசுவது யார்? பாட்டுப் பதிவுகளைக் கூலிக்குச் செய்த வேலையாக்கி, உரிமை கம்பெனிக்கே நிலைக்கும்படி 1999-ல் அமெரிக்கச் சட்டத்தில் ஒரு திருத்தம் நுழைந்தது. கம்பெனிச் சங்கம் அதை ஆதரித்தது. பாடகர்கள் கொதித்தெழுந்த பிறகே, 2000-ல் அது ரத்தாயிற்று. பதிவுச் செலவையும் முன்பணம் என்று எழுதி, பாடகன் பங்கிலிருந்தே கழிப்பது கம்பெனிகளின் வழக்கம். முன்பணக் கணக்கு எப்படித் தீரும் என்பது பண்ணையாளுக்குத் தெரியாததா?

இன்று அந்தக் கம்பெனிகளின் வருமானத்தில் பெரும்பகுதி, இன்டர்நெட்டில் கட்டணம் வாங்கிப் பாட்டுக் கேட்கவிடும் முறையிலிருந்து வருகிறது, வழக்குகளிலிருந்து அல்ல. ஆனால் பாடகன் பங்கு? 2021 மார்ச்சில் இசைத் தொழிலாளர்கள் ஸ்பாட்டிஃபை ஆபீஸ்களின் முன் திரண்டு, ஒரு தடவை கேட்பதற்கு ஒரு சென்டாவது கொடு என்று கோரினர். இன்டர்நெட்டில் பாட்டை எடுத்த சிறுமியிடம் அல்ல, பாட்டை விற்கிற முதலாளியிடம் கேட்டனர்!

பிரதி போட்டு விற்று லாபம் பார்ப்பவனும், பாட்டுக் கேட்கும் ஏழையும் ஒன்றல்ல. தண்டனை நஷ்டத்துக்குத் தக்கதாக இருக்கட்டும். கூலியைச் சட்டமும் ஒப்பந்தமும் காக்கட்டும். ஏழை வீட்டு அடுப்பை அணைத்து எந்தப் பாடகன் வீட்டிலும் உலை கொதிக்காது!