அம்மனுக்குப் பந்தோபஸ்து! மனிதனுக்குத் தடையுத்திரவா?

தொண்டூர்த் தோழர் ஒருவர் நம்மைக் கேட்டிருப்பதாவது: “ஊர்க் குறையைச் சொல்லி இருபது பேர் செஞ்சியில் கச்சேரி வாசலில் கோஷம் போட்டு நிற்பதானால், போலீஸ் அனுமதியில்லாமல் கூடாது என்கிறார்களே, நிற்பது நமது உரிமையா, அவர்கள் போடும் பிச்சையா?” கேள்வி சிறியதுதான். ஆனால் பதில் சிறியதல்ல.

அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமை பிரஜைக்கு உண்டென்கிறது. அதன் கீழேயே, பொது ஒழுங்குக்காக ‘நியாயமான’ கட்டுப்பாடு வைக்கலாம் என்றும் சொல்லி வைத்திருக்கிறது. இந்த ‘நியாயமான’ என்ற ஒரு வார்த்தைக்குள்தான் லத்தியும் துப்பாக்கியும் ஒளிந்திருக்கின்றன. வெள்ளைக்காரன் 1898இல் செய்த சட்டத்தில் 144 என்று இருந்த பிரிவு, 1973ஆம் வருஷத்துச் சட்டத்திலும் அதே நம்பரோடு இருந்து, 2024 ஜூலை 1 முதல் 163 ஆகிவிட்டது. சட்டத்தின் பெயர் சமஸ்கிருதமாயிற்று. லத்தி மட்டும் பழைய லத்தியேதான்!

நமது செஞ்சிப் பக்கத்துச் சங்கதியையே எடுத்துக்கொள்ளுவோம். அமாவாசைதோறும் மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு நடுராத்திரியில் ஊஞ்சல் உற்சவம் என்று ஆயிரக்கணக்கில் ஜனங்கள் குவிகிறார்கள். ரோடு அடைபடுகிறது, வண்டி நகருவதில்லை. அதற்குச் சர்க்கார் தடையுத்திரவா போடுகிறது? ஸ்பெஷல் பஸ் விடுகிறது. போலீசை அனுப்பி வழிவிடச் செய்கிறது. போகிறவர்களைத் தடுக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. அங்கே போய்க் காசைத் தொலைப்பது அவரவர் புத்தியைப் பொறுத்தது. ஊஞ்சலில் ஆடும் பொம்மைக்காக ராத்திரி முழுவதும் ரோடு அடைபட்டால் அது பக்தி, குடிதண்ணீருக்காக இருபது பேர் அரைமணி நேரம் நின்றால் அது பொதுஜன இடைஞ்சலா என்றுதான் கேட்கிறோம்.

அதிகாரம் கைக்கு வந்தவுடன் கிளர்ச்சிக்காரனுக்கே கிளர்ச்சி கசந்துபோகும் என்பதற்குச் சரித்திரத்தில் சாட்சி தேட வெகுதூரம் போகவேண்டியதில்லை. காங்கிரஸ் மறியலை அடக்க வெள்ளைக்காரன் 1932இல் கிரிமினல் சட்டத் திருத்தம் கொண்டு வந்தபோது காங்கிரசார் போட்ட கூப்பாடு கொஞ்சமா? அதே சட்டத்தை 1938இல் தோழர் ராஜகோபாலாச்சாரியார் மந்திரிசபை யார்மேல் பிரயோகித்தது? கட்டாய இந்தி வேண்டாமென்று பள்ளிக்கூட வாசலில் நின்றவர்கள்மேல்! ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சிறை சென்றார்கள். கைக்குழந்தையோடு தாய்மார்களும் சென்றார்கள். பெரியாருக்கு ஒரு வருஷத் தண்டனையும் ஆயிரம் ரூபாய் அபராதமும் கிடைத்தன. 1939 ஜனவரியில் நடராசனும் மார்ச்சில் தாளமுத்துவும் கைதிகளாக இருந்தபடியே மாண்டார்கள். முடிவில் 1940 பிப்ரவரியில் கட்டாய இந்தி வாபஸாயிற்று. அப்படியானால் மறியல் செய்தவன் குற்றவாளியா, சிறையில் தள்ளியவன் குற்றவாளியா?

1957இல் நடந்ததோ இன்னும் வேடிக்கை. ஜாதியைக் காப்பாற்றும் பிரிவுகளைக் கொண்ட அரசியல் சட்டத்தை நவம்பர் 26இல் கொளுத்துவோம் என்று, ஒளிவுமறைவில்லாமல் தேதி குறித்து, நவம்பர் 3இல் தஞ்சை மகாநாட்டில் பெரியார் அறிவித்தார். அந்தச் சில வாரங்களுக்குள் மூன்று வருஷம் வரை தண்டிக்க ஒரு புதுச் சட்டமே செய்துவிட்டார்கள். செய்தது பெரியார் ஆதரித்துவந்த காமராசர் ஆட்சி என்பதையும் மறைக்காமல் சொல்லுகிறோம். சுமார் 3000 பேர் உள்ளே போனார்கள். பட்டுக்கோட்டை இராமசாமியும் மணல்மேடு வெள்ளைச்சாமியும் திருச்சி சிறையிலிருந்து பிணமாகத்தான் வந்தார்கள். எரிந்தது காகிதம், செத்தது மனிதன்.

பிறகு ‘நம்மவர்’ ஆட்சி வந்ததே, அப்போது என்ன வாழ்ந்தது? 2018 மே 22இல் தூத்துக்குடியில், ஸ்டெர்லைட் ஆலையை மூடு என்று நூறாவது நாளாகக் கேட்ட ஜனங்கள் கலெக்டர் ஆபீசுக்கு நடந்தார்கள். 144 போட்டிருந்தது. துப்பாக்கிக்குப் 13 உயிர் பலியாயிற்று. நீதிபதி அருணா ஜெகதீசன் கமிஷன் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டசபைக்கு வந்தது. கலைந்து ஓடியவர்களையே சுட்டார்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. முதுகில் குண்டு பட்டவனா சர்க்காரைக் கவிழ்க்க வந்தவன்?

ஆகையால் கிளர்ச்சிக்கு எல்லையே கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு. ஒருவனை அடிப்பதோ, பஸ்ஸைக் கொளுத்துவதோ, ஆஸ்பத்திரி வண்டியை மறிப்பதோ கிளர்ச்சியல்ல, காலித்தனம். பொது ரோட்டைக் காலவரையின்றிப் பிடித்துக்கொண்டிருக்கக்கூடாது என்று டில்லி ஷாஹீன்பாக் வழக்கில் 2020 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் சொன்னது. அதைக் காட்டி ஒரு மணி நேர ஆர்ப்பாட்டத்தையும் தடுக்க வருகிறார்கள். நியாயமான அபிப்பிராயத்தை ஒடுக்க 144ஐ உபயோகிக்கக்கூடாது என்று அதே கோர்ட் அதே வருஷம் ஜனவரியில் காஷ்மீர் வழக்கில் சொன்னதை மட்டும் அவர்களுக்குப் படிக்கத் தெரிவதில்லை! மந்திரிக்குச் சங்கடம் என்பது பொது ஒழுங்குக்குப் பங்கமாகிவிடாது.

தொண்டூர்த் தோழருக்குச் சொல்லுகிறோம்: எந்த நாள், எந்த மணி, எத்தனை பேர் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தக் காகிதத்தோடு ஐக்கோர்ட்டுக்குப் போகலாம். கல்லை எடுப்பவன் எவனாயிருந்தாலும் உங்கள் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். நாளை மட்டும் அமாவாசையில் வைக்காதீர்கள். அன்று போலீசாரெல்லாம் அம்மன் வேலையாகப் போயிருப்பார்கள்.