அடைக்கலம் தந்த மலைக்கோட்டை



மதுரை ஆரப்பாளையத்தில் பேருந்து ஏறி வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் சென்றால், சமவெளியில் திண்டு ஒன்றை வைத்தாற்போல் மொட்டைப் பாறையொன்று எழுந்து நிற்கும். திண்டுக்கல் என்னும் ஊர்ப்பெயரே அதனால் வந்ததென்பர்.

பாறையின்மீதுள்ள கோட்டையை 1605-இல் மதுரை நாயக்க மன்னர் முத்துக்கிருஷ்ணப்பர் கட்டத் தொடங்கினார். 1755-இல் மைசூரின் சார்பில் இங்கு வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுப் பொறியாளர்களின் துணையுடன் படைக்கலச் சாலை நிறுவினார். ஒரு சாதாரண படைத்தலைவர் பேரரசர்களுக்கு நிகராக உயர்ந்ததற்கு இவ்வூரே முதற்படி. பன்முறை கைமாறிய கோட்டை, 1790-இல் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் அவர்களுக்கே நிலைத்தது.

பீரங்கிகளின் கதை இவ்வளவே. ஆனால் நாம் மறக்கலாகாத கதை வேறொன்று உண்டு. 1772-இல் காளையார்கோவில் போரில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்டார். அவர்மீது படையெடுத்தோர் ஆற்காட்டு நவாபும் ஆங்கிலக் கும்பினியாரும். கணவரை இழந்த வேலு நாச்சியார் தம் மகளுடன் விருப்பாச்சிக்கும் திண்டுக்கல்லுக்கும் வந்தார். அவருக்கு அடைக்கலமும் படையுதவியும் அளித்தவர் ஹைதர் அலி. எட்டாண்டுகள் காத்திருந்த அந்த வீரமங்கை, 1780-இல் சிவகங்கையை மீட்டார்.

சிந்தித்துப் பாருங்கள். அரசியின் நாட்டைப் பறித்தவரும் முஸ்லிம். மீட்க உதவியவரும் முஸ்லிம். அக்காலப் போர்களைச் சமயப் போர்களென எளிதாய் வகுத்துவிடுவோருக்கு இந்தப் பாறை விடை சொல்கிறது. ஹைதருக்கும் கும்பினியை எதிர்க்கும் அரசியல் நோக்கம் இருந்தது உண்மையே. எனினும், நாடிழந்து வந்த ஒரு விதவைக்குக் கதவு திறந்த பண்பு அதனால் சிறுத்துவிடாது.

கோட்டையிலிருந்து இறங்கினால் பேகம்பூர். ஹைதரின் சகோதரி அமீருன்னிசா பேகம் அங்கே பெரிய பள்ளிவாசல் வளாகத்தில் அடங்கியுள்ளார். பேட்டையின் பெயரே அப்பெண்மணியின் நினைவாக வழங்குகிறது.

பாறையிலேயே செதுக்கப்பட்ட படிகளில் வெயிலுக்கு முன் ஏறுவது நலம். உச்சியில் பழைய கற்கோயில் ஒன்றுண்டு. மதிலோரம் நின்றால் சிறுமலைத் தொடர் கண்ணுக்கு விருந்தாகும். கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. ஆயினும், சுவரில் பெயர் கிறுக்கும் கைகளைத் தடுக்கும் கடமை நமக்கும் உண்டு.

அடுத்த விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். யார் யாரை வென்றார் என்பதோடு, யார் யாருக்கு இடமளித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.