கண்ணுக்கு மட்டும் தமிழ்

என்னுடைய பழைய நாவல் ஒன்றைச் சென்ற வருஷம் பி.டி.எஃப். கோப்பாக மறுபடி வெளியிட்டார்கள். இருபது வருஷங்களுக்கு முன் புத்தகமாக வந்து, விற்றுத் தீர்ந்து, பழைய புத்தகக் கடைகளில்கூட அகப்படாமல் போன நாவல். கோப்பைத் திறந்து பார்த்தேன். எழுத்துக்கள் முத்து முத்தாக இருந்தன. பிள்ளையைப் புதுச் சட்டையில் பார்த்த தகப்பனைப் போலப் பூரித்துப் போனேன்.

நாலாம் நாள் மதுரையிலிருந்து ஒரு வாசகர் டெலிபோனில் கூப்பிட்டார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். என் முதல் கதை வந்த நாளிலிருந்து எனக்குக் கடிதம் எழுதி வருகிறவர். ஆறு வருஷங்களுக்கு முன் சர்க்கரை வியாதி அவருடைய பார்வையை வாங்கிக்கொண்டுவிட்டது. இப்போது எழுத்தைக் குரலாக்கிப் படிக்கும் வசதி செல்போனில் இருக்கிறது அல்லவா? அதை வைத்துக்கொண்டுதான் நாவல்களைக் கேட்டு வருகிறார்.

"ஐயா, உங்கள் நாவலை இரண்டு பக்கம் பொறுமையாகக் கேட்டேன். ஒரு வார்த்தைகூடத் தமிழாக இல்லை. இங்கிலீஷ் எழுத்துக்களை ஒவ்வொன்றாக ஒப்பிக்கிறது. நடுநடுவே அரைப்புள்ளி என்று வேறு சொல்கிறது. கோளாறு என் காதிலா, உங்கள் கதையிலா?" என்றார்.

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் தம்பி மகள் கம்ப்யூட்டர் உத்தியோகம் பார்ப்பவள். அவளிடம் சொன்னேன். "பெரியப்பா, 'தமிழ்' என்ற சொல் எங்கே வருகிறதோ அதை எடுத்து வேறு ஓரிடத்தில் ஒட்டிப் பாருங்கள்" என்றாள். ஒட்டினேன். ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. இவ்வளவுதான் வந்தது. தமிழைக் காணோம்.

விஷயம் இதுதான். கம்ப்யூட்டருக்கு எழுத்துத் தெரியாது. எண் ஒன்றுதான் தெரியும். இன்ன எண்ணுக்கு இன்ன உருவத்தைக் காட்டு என்று சொல்வது எழுத்துரு. தமிழுக்கென்று தனி எண்கள் புழக்கத்துக்கு வராத காலத்தில் நம்மவர்கள் ஒரு யுக்தி செய்தார்கள். ஆங்கில எழுத்துக்குரிய எண்ணின் மேல் தமிழ் எழுத்தின் உருவத்தைப் போர்த்தினார்கள். பாமினி என்ற எழுத்துருவில் ஜேயின் மேல் 'த' உட்கார்ந்திருக்கிறது. கேயின் மேல் 'ம'. போர்வை இருக்கிற வரையில் தமிழ். போர்வையை எடுத்தால் உள்ளே இங்கிலீஷ்!

தமிழ் அச்சின் சரித்திரம் தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை புலப்படும். 1554-ல் லிஸ்பன் நகரில் தமிழ் முதன்முதலாக அச்சேறியது. தமிழ் அச்சு எழுத்து இல்லாததால் ரோமன் எழுத்தில் அடித்தார்கள். 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே வந்துவிட்டது. இருபத்து நாலே வருஷங்களில் அந்தக் குறையைத் தீர்த்துவிட்டார்கள். நாமோ மேலே 1578-ஐக் காட்டிவிட்டு, உள்ளே 1554-ஐ வைத்துக்கொண்டு புத்தகம் விற்கிறோம்.

கோப்பை வெளியிட்டவர்களிடம் போய் முறையிட்டேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். "பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது, ஸார்? எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே எம்பெட் செய்திருக்கிறோமே!" என்றார்கள்.

செய்யாமல் விட்டிருந்தால் இன்னும் மோசம், வாஸ்தவம். எழுத்துருவை உள்ளே வைக்காத கோப்பை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்தால், அது தன்னிடமுள்ள ஏதோ ஓர் எழுத்துருவைப் போட்டுக் காட்டும். பக்கம் முழுவதும் புரியாத இங்கிலீஷ் எழுத்தாக இருக்கும். அது கண்ணுக்குத் தெரிகிற வியாதி. யாராவது கூச்சல் போடுவார்கள், வைத்தியமும் நடக்கும். எழுத்துருவை உள்ளே வைத்துத் தைத்துவிட்டாலோ, வியாதி வெளியே தெரியாது, இருக்கத்தான் இருக்கும். தேடினால் சொல் கிடைக்காது. எடுத்து ஒட்டினால் குப்பை. கண் இல்லாதவர் கேட்டால் அரைப்புள்ளி.

நான் விடாமல் வாதாடவே, ஒரு வாரத்தில் 'சரி செய்த' கோப்பை அனுப்பினார்கள். இப்போது ஜே, கே, பி இல்லை. எதுவுமே இல்லை! எழுத்துக்களையெல்லாம் வெறும் கோட்டுச் சித்திரமாக மாற்றிவிட்டார்கள். தலைவலி என்று போனவனுக்குத் தலையை எடுத்துவிட்ட சிகிச்சை இது.

அந்தக் காலத்துக்கு ஒரு நியாயம் உண்டு. அதை மறுக்க மாட்டேன். அச்சகங்கள் நம்பியிருந்த பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-ல் வந்தது. அதற்கு ஒருங்குறித் தமிழ் தெரியாது. ஆளுக்கொரு குறியீட்டு முறை வைத்துக்கொண்டிருந்த காலம். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்று இரண்டு முறைகளை அரசு ஏற்றுக்கொண்டது. ஒருங்குறியில் 1991-லேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தும், அதை அரசு தன் நிர்ணயமாக ஏற்றது 2010-ல். எல்லாம் சரி. அதற்குப் பிறகும் பிறக்கிற கோப்புகள் பழைய போர்வையிலேயே பிறப்பானேன்? இன்றைய பக்க வடிவமைப்பு மென்பொருளுக்கு ஒருங்குறித் தமிழ் நன்றாகவே தெரியும். இனிமேல் சாக்குச் சொல்ல இடமில்லை.

பக்கத்துக்கு இத்தனை ரூபாய் என்று கூலி வாங்கி டி.டி.பி. வேலை செய்கிற பெண்ணை நான் குற்றம் சொல்லவில்லை. சொன்னதைச் செய்கிறாள். சொல்லாத நாம்தான் குற்றவாளிகள். முதல் குற்றவாளி நான். ஓர் ஒற்று விடுபட்டால் அச்சகத்தில் போய்ச் சண்டை பிடிக்கிற நான், என் நாவலில் உண்மையில் தமிழ் இருக்கிறதா என்று ஒரு நாளும் பார்த்ததில்லை!

பார்ப்பது பிரம்ம வித்தை அல்ல. கோப்பின் 'பிராப்பர்ட்டீஸ்' பகுதியில் எழுத்துருக்களின் பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எம்பெட் ஆகியிருப்பதாகக் குறித்திருக்க வேண்டும். பிறகு ஒரு வரியை எடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். இங்கிலீஷ் வந்தால் எழுத்துரு பழையது. தமிழ் வந்து, கொம்பு மட்டும் புள்ளி வட்டத்தைச் சுமந்துகொண்டு எழுத்துக்கு முன்னால் தனியே நின்றால், எழுத்துரு புதியது, கோப்பு செய்த விதம் தவறு. ஒருங்குறியில் 'கெ' என்பதற்கு முதலில் ககரம், அப்புறந்தான் கொம்பு. பார்வைக்கு முன்னால் நிற்பது கணக்கில் பின்னால் வரும். பலநாள் காத்து வைக்க வேண்டிய கோப்புக்கென்றே 2005-ல் பி.டி.எஃப்./ஏ என்ற சர்வதேச நிர்ணயம் ஏற்பட்டது. எழுத்துரு உள்ளேயே இருந்தாக வேண்டும் என்பது அதன் விதி. எழுத்து இன்னதென்று சொல்லும் ஒருங்குறி அட்டவணையும் வேண்டும் என்கிறது அதன் உயர்ந்த படி. அதைக் கேட்டு வாங்க எழுத்தாளனுக்கு வாய் இருக்கிறது. பதிப்பாளருக்குக் கடமை இருக்கிறது.

கடைசியில் தம்பி மகளும் நானுமாக உட்கார்ந்தோம். பழைய மூலத்தை மாற்றி மென்பொருளில் போட்டு ஒருங்குறிக்குக் கொண்டு வந்தோம். நான் மூன்று தடவை புரூஃப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை என்று திருப்தியானதும் மதுரைக்கு அனுப்பி வைத்தேன்.

பத்து நாள் கழித்து ஆசிரியர் கூப்பிட்டார். முழுவதும் கேட்டு முடித்துவிட்டாராம். "பிரமாதம், ஐயா. ஆனால் ஒரு பிழை. கதாநாயகி குடியிருக்கிற தெரு ஔவையார் தெருதானே? இது ஒவ்வொரு தடவையும் ஒ-ளவையார் தெரு என்று படிக்கிறது" என்றார்.

எடுத்துப் பார்த்தேன். 'ஔ' இருக்க வேண்டிய இடத்தில் ஒகரமும் பக்கத்திலே ஒரு ளகரமும் தனித்தனியாக இருந்தன. பார்வைக்கு இரண்டும் ஒன்றேதான். எத்தனை தடவை பார்த்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. பதினேழு இடங்களில் திருத்தினேன்.

அடுத்த நாவலின் கோப்பு தயாரானதும் முதலில் அவருக்குத்தான் அனுப்பப் போகிறேன். அவர் காதில் தமிழாக விழுந்த பிறகுதான் அது கடைக்குப் போகும்.