தலை எண்ண வருகிறார்கள் – தலைநிமிர்ந்து நில்லுங்கள்!

குறிஞ்சிப்பாடியிலே ஒரு கைத்தறித் தெரு. திண்ணையோரம் வந்து நிற்கிறார் கணக்கெடுக்கும் ஆசிரியை. உள்ளே தறி ஓடும் ஓசை.

“வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறாரம்மா?”

“நெய்யறாருங்க.”

“நீங்க?”

“நான் சும்மா வீட்டிலேதாங்க இருக்கேன்.”

சொல்லும்போதே அந்தத் தாயின் கை ராட்டையைச் சுற்றிக்கொண்டிருக்கிறது! விடிவதற்கு முன் எழுந்து தார் சுற்றியவள். பாவு போடத் தெருவிலே நின்றவள். இழை அறுந்தால் ஓடிவந்து முடிச்சுப் போடுகிறவள். அவள் சும்மா இருக்கிறாளாம்! சொன்னபடி ஏட்டிலே ஏறினால் என்ன ஆகும்? இரண்டு பேர் உழைப்பிலே வெளிவரும் துணி, ஒருவர் உழைப்பாகப் பதிவாகும். அவள் உழைப்பு அடுத்த பத்தாண்டுக்கு இந்த நாட்டின் கணக்கிலே இல்லை.

காட்சி கற்பனைதான். ஆனால் இது நடக்காத தெரு நம் வட்டாரத்திலே உண்டா என்று உங்கள் மனத்தைக் கேட்டுப் பாருங்கள், தோழர்களே!

மக்கள் தொகைக் கணக்கெடுப்பு வருகிறது. 2027 மார்ச் 1ஆம் நாளை அடிப்படை நாளாகக் கொண்ட கணக்கு இது. 1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் நடந்து வந்த வேலை, 2021இலே கொள்ளைநோயைக் காரணம் காட்டித் தள்ளப்பட்டது. தள்ளித் தள்ளி 16 ஆண்டு இடைவெளியாயிற்று. 2011 கணக்குக்குப் பின் பிறந்த பிள்ளை இன்று உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறது. பள்ளிப் பதிவேட்டிலே அதன் பெயர் இருக்கிறது. ரேஷன் அட்டையிலே இருக்கிறது. நாட்டின் மக்கள் தொகையிலே மட்டும் அந்தப் பிள்ளை இன்னும் பிறக்கவேயில்லை!

“எண்ணினால் என்ன, எண்ணாவிட்டால் என்ன? கூழுக்கு உப்பு வந்துவிடுமா?” என்று கேட்பவர் உண்டு. கேட்கட்டும். அவர்களுக்கு இரண்டு கதை சொல்லுவோம். இரண்டும் நடந்தவை.

முதல் கதை, நாம் இழந்த கதை. 1962 தேர்தலிலே சென்னை மாநிலத்துக்கு நாடாளுமன்றத்தில் 41 இடங்கள். 1967 தேர்தலிலே 39. இரண்டு இடங்களை யார் கொள்ளையடித்தார்கள்? வாளேந்தி எவரும் வரவில்லை. 1961ஆம் ஆண்டுக் கணக்கை வைத்துத் தொகுதிகளைப் பங்கிட்டார்கள். நம் பங்கு குறைந்தது. அவ்வளவுதான்! பேனா முனையிலே போயிற்று இரண்டு இடம். பிறகு 1976இலே, 1971 கணக்கின்படி உள்ள பங்கு அப்படியே இருக்கட்டும் என்று அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2001இலே, 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கு வெளிவரும்வரை அது நீடிக்கட்டும் என்றார்கள். அந்த எல்லைக்கோட்டைத் தாண்டி எடுக்கப்படும் முதல் கணக்குதான் இப்போது வாசலுக்கு வருவது.

அளவோடு பெற்று வளமோடு வாழச் சொன்னார்கள், தமிழகம் கேட்டது. கேட்டதற்குத் தண்டனையா என்று நாம் முழங்குகிறோம். அந்த முழக்கம் மன்றத்திலும் மக்களிடையிலும் நடக்கவேண்டியது. கதவைச் சாத்திக்கொண்டு நடத்தும் போராட்டமல்ல அது! பிள்ளை குறைவாகப் பெற்றோம் என்று வாதாடுகிறவன், பெற்ற பிள்ளையையும் கணக்கிலே விட்டுவிட்டால் அவன் வாதம் என்ன ஆகும்? இல்லாதவனைச் சேர்க்கச் சொல்லவில்லை. இருப்பவனை விடாதே என்கிறோம்.

இரண்டாவது கதை, ஏட்டிலே இருந்த எண் எழுந்து வந்த கதை. 1931இலே கணக்கெடுக்க வந்தபோது, அன்னிய சர்க்காரின் கணக்கைப் புறக்கணியுங்கள் என்றனர் காங்கிரசார். ஆனால் கணக்கு நிற்கவில்லை. அந்த 1931ஆம் ஆண்டுக் கணக்குதான் சாதிவாரியாக முழு விவரம் வெளிவந்த கடைசிக் கணக்கு. 1941இலே போர் என்று சாதி விவரத்தைத் தொகுக்கவில்லை. 1951 முதல் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் விவரம் மட்டுமே எண்ணப்பட்டது. 1980இலே மண்டல் குழு உட்கார்ந்து, பிற்படுத்தப்பட்டோர் நாட்டிலே 52 விழுக்காடு என்று மதிப்பிட்டதே, எதைக் கொண்டு? அந்தப் பழைய 1931 ஏட்டைக் கொண்டுதான்! ஐம்பதாண்டு தூசியைத் தட்டி எடுத்துத்தான் நியாயம் பேச வேண்டியிருந்தது. அன்று எண்ணப்பட்டவனின் பேரனுக்கு, அந்த எண் வழக்கறிஞராக வந்து நின்றது.

எண் இல்லாமற் போனால் என்ன ஆகும் என்பதைத் தென்னார்க்காட்டு மண் நன்றாக அறியும். 2021இலே வன்னியருக்கு 10.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரும் சட்டம் வந்தது. 2022 மார்ச் 31ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. சொன்ன காரணங்களிலே ஒன்று என்ன? காட்டப்பட்ட புள்ளிவிவரம் பழையது. அது எண்பதுகளில் அம்பாசங்கர் குழு திரட்டியது என்பதுதான். அந்தச் சட்டத்தை ஆதரித்தவரும் உண்டு, எதிர்த்தவரும் உண்டு. இரு சாராரும் படிக்கவேண்டிய பாடம் ஒன்றே: புதிய கணக்கு கையில் இல்லாதவன் நீதிமன்றத்திலே வெறுங்கையோடு நிற்கிறான்.

சாதியையும் சேர்த்து எண்ணுவதென்று 2025 ஏப்ரல் 30ஆம் நாள் ஒன்றிய அமைச்சரவை முடிவு செய்தது. அதற்கு முன்பே, 2024 சூனிலே, தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டுக் கேட்டது இதைத்தான்.

“வடலூரிலே 1867இல் மூட்டிய அடுப்பு, வந்தவன் சாதியைக் கேட்டதில்லையே, பசியைத்தானே கேட்டது! சாதி ஒழிக என்று சொல்லும் நீங்கள், சாதியைச் சொல் என்கிறீர்களே?” என்று நம்மை மடக்குவோர் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால், ஏரியிலே ஆக்கிரமிப்பு எத்தனை ஏக்கர் என்று சங்கிலி போட்டு அளக்கிறோமே, ஆக்கிரமிப்பை ஒப்புக்கொள்வதற்கா? மீட்பதற்கு! யார் எவ்வளவு இடத்தை வளைத்திருக்கிறார்கள், யார் கரைக்கு வெளியே நிற்கிறார்கள் என்பது தெரியாமல் எதைப் பங்கிடுவது?

அப்படிச் சொல்வதையும் சரியாகச் சொல்லவேண்டும். 1931 கணக்கிலே இருந்த சாதிப் பெயர்கள் 4,147. 2011இலே தனியாக எடுத்த சமூக, பொருளாதார, சாதிக் கணக்கிலே வந்து குவிந்த பெயர்கள் 46 இலட்சத்துக்கும் மேல்! பட்டப்பெயர், குலப்பெயர், உட்பிரிவு, ஊர்வழக்கு, எழுத்துப்பிழை எல்லாம் சாதியாக ஏறின. விளைவு? இது பயன்படாது என்று 2021இலே உச்ச நீதிமன்றத்தில் ஒன்றிய அரசு கைவிரித்தது. கோடிக்கணக்கான மக்கள் சொன்ன விடை வெளிச்சத்துக்கு வரவேயில்லை. ஆகவே, சாதிச் சான்றிதழிலே உள்ள பெயர் எதுவோ, அதையே சொல்லுங்கள். சான்றிதழை எடுத்துக் காட்டினாலும் தவறில்லை.

தாய்மொழியைக் கேட்டால், வீட்டிலே தாய் பேசிய மொழியைச் சொல்லுங்கள். தமிழன் தமிழென்று சொல்லட்டும். தெலுங்கோ உருதோ சௌராட்டிரமோ பேசும் வீட்டார் அதைச் சொல்லட்டும். 1951இலே பஞ்சாபில் பிடிவாதத்துக்காக மொழியை மாற்றிச் சொன்னார்கள். இந்தி, பஞ்சாபி எண்ணிக்கையைப் பிரித்து வெளியிட முடியாமலே போயிற்று. வேறு என்ன மொழி தெரியும் என்று கேட்டால், தெரிந்ததைச் சொல்லுங்கள். சினிமாப் பாட்டிலே நாலு சொல் கேட்டவன், இந்தி தெரியும் என்று பெருமைக்காகச் சொல்லி வைக்க வேண்டாம்!

அச்சம் சிலருக்கு. சொன்னால் வரி வருமோ, வழக்கு வருமோ என்று. 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டம் தெளிவாக இருக்கிறது: உங்கள் வீட்டைப் பற்றி எழுதியதைப் பார்க்க எவருக்கும் உரிமையில்லை, சிவில் வழக்கிலே சாட்சியமாகக் காட்டவும் முடியாது. ஆனால் கேட்டதற்கு அறிந்தவரை உண்மை சொல்வது உங்கள் கடமை.

அந்தச் சட்டத்திலே இன்னொரு விதியும் உண்டு. வீட்டுப் பெண்களின் பெயரைச் சொல்ல ஆணுக்குக் கட்டாயமில்லையாம். வழக்கம் தடுத்தால் கணவன் பெயரைச் சொல்லப் பெண்ணுக்குக் கட்டாயமில்லையாம்! சட்டம் சலுகை தருகிறது. தன்மானம் அதைக் கேட்காது. பெண்களே, உங்கள் பெயரை நீங்களே உரக்கச் சொல்லுங்கள். ராட்டை சுற்றுகிறேன், தார் சுற்றுகிறேன் என்று தொழிலையும் சொல்லுங்கள். 2011 கணக்கின் விதிப்படி, கூலி வாங்காமல் குடும்பத் தொழிலிலே பாடுபட்டாலும் அது வேலைதான். கூலி இல்லை என்பதற்காக உழைப்பு இல்லை என்று ஆகிவிடாது.

தோழர்களே, கிளைக்குக் கிளை உங்களுக்கு வேலை இருக்கிறது. கணக்கெடுப்பாளர் வரும் நாளை முன்கூட்டியே தெருவுக்குச் சொல்லுங்கள். பாட்டன், பச்சைக் குழந்தை, படுக்கையில் கிடக்கும் நோயாளி, யாரும் விடுபடாமல் பெயர்களை எழுதி வைக்கச் சொல்லுங்கள். பதிந்ததைப் படித்துக் காட்டும்படி பணிவோடு கேட்கச் சொல்லுங்கள். ஆனால் ஒன்று: பக்கத்திலே நின்று இதைச் சொல், அதைச் சொல் என்று எவரையும் தூண்டாதீர்கள். அது தொண்டல்ல, திருட்டு.

தெருவோடு நிற்காதீர்கள். செங்கல் சூளையிலே குடிசை போட்டவர், கிள்ளைப் பக்கத்து இருளர், இரயில் நிலையத்திலே படுத்துறங்குபவர், நெய்வேலியிலும் கடலூர் ஆலைகளிலும் கூலிக்கு வந்த வடநாட்டுத் தொழிலாளி, எல்லாரும் எண்ணப்பட வேண்டியவர்களே. அவன் மொழி வேறு, வியர்வை ஒன்று.

கதவு தட்டும் ஓசை கேட்கும். தறியைச் சற்று நிறுத்துங்கள். “யாரும் இல்லை” என்று உள்ளேயிருந்து குரல் கொடுக்காதீர்கள். இல்லை, இல்லை என்று நம்மைப் பற்றிப் பிறர் சொன்ன காலம் போதும். வாசலுக்கு வந்து சொல்லுங்கள்: இருக்கிறோம், இத்தனை பேர் இருக்கிறோம்!